டைனமோவா, பேட்டரியா? 2007 பிக்கப் காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது (காரைக்குடி)

ஆத்தங்குடி லோடு
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2007 மாடல் டீசல் பிக்கப், 12 வோல்ட். ஆத்தங்குடியிலேர்ந்து பூக்கல் (தரைக்குப் போடற கல்லு) ஏத்திக்கிட்டு திருச்சி, மதுரைன்னு ஓடுது. பேட்டரி இந்தப் பொங்கலுக்குத்தான் புதுசு போட்டேன். இப்ப காலையில செல்ஃப் அடிச்சா 'டக்'குன்னு ஒரு சத்தம், அதோட சரி. பட்டறைப் பசங்கள எழுப்பித் தள்ளித்தான் கிளப்புறேன். ராத்திரி திருமயம் பக்கம் வரும்போது வேகம் குறைஞ்சா ஹெட்லைட் மங்குது, ஆக்சிலேட்டர் மிதிச்சா தெளியுது. ஆனா டேஷ்போர்டுல பேட்டரி லைட் எரியவே இல்ல. எரியலன்னா சார்ஜ் ஆகுதுன்னுதானே அர்த்தம்?

ஒரு கடையில காட்டினேன். மீட்டர் வைக்கல, கழட்டியும் பாக்கல, "டைனமோவே புதுசு போடணும்"னு சொல்லிட்டாங்க. காசக் கொட்டுறதுக்கு முன்னாடி இங்க கேக்கலாம்னு வந்தேன்.

தேவகோட்டை டிரைவர்
ரொம்ப யோசிக்காதீங்க. வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினல் ஒண்ண உருவுங்க. வண்டி நின்னா டைனமோ காலி. எங்க காலத்துல இதான் டெஸ்ட்.

கோட்டையூர் வயர்மேன்
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அத மட்டும் செய்யச் சொல்லாதீங்க. அது பழைய டிசி டைனமோ காலத்து வழக்கம். இப்ப நாம டைனமோன்னு சொல்றது எல்லாமே ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரிய உருவினா வோல்டேஜ் சட்டுனு எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போயிடும். நல்லா இருக்கற டைனமோவும் அன்னைக்கே முடிஞ்சுது. அதுவும் பழைய டீசல் இன்ஜின் பலதும் கரண்ட் இல்லாமலே ஓடும், வண்டி நிக்காததால டைனமோ நல்லாருக்குன்னும் ஆகாது.

லோடு தம்பி, மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க, சாதாரணமானதே போதும். டிசி 20 வோல்ட்ல வெச்சு பேட்டரி ரெண்டு முனையிலயும் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில 12.6 இருந்தா பேட்டரி நிறைஞ்சிருக்கு, 12.2-ன்னா பாதிதான். ஸ்டார்ட் பண்ணின பிறகு 13.8-லேர்ந்து 14.4-க்குள்ள நிக்கணும். ஐடில்ல ஒரு தடவை, ரேஸ் கொடுத்து ஒரு தடவை, ஹெட்லைட் போட்டு ஒரு தடவை எழுதிட்டு வாங்க.

முக்கியமானது இன்னொண்ணு. சாவியத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாம, அந்த பேட்டரி லைட் எரியுதான்னு பாருங்க.

ஆத்தங்குடி லோடு
பாத்துட்டேன் அண்ணே. காலையில 12.0. ஐடில்லயும் அதே 12.0, அசையல. நல்லா ரேஸ் கொடுத்தா திடீர்னு 13.5-க்கு ஏறுது. ஹெட்லைட் போட்டா ரேஸ்லயே 12.6-க்கு இறங்கிடுது. சாவியத் திருப்பினா ஆயில் லைட் எரியுது, பேட்டரி லைட் எரியல.

கோட்டையூர் வயர்மேன்
அப்ப அந்த பல்பு ஃப்யூஸ் ஆயிருக்கும், இல்ல அந்த வயர் எங்கயோ விட்டிருக்கும். அது வெறும் எச்சரிக்கை லைட் இல்ல தம்பி. பல வண்டியில அந்த பல்பு வழியாத்தான் டைனமோ உள்ள சுத்தற ரோட்டாருக்கு முதல் கரண்ட் போகும். அந்தத் துளி கரண்ட் இல்லாட்டி சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். ரேஸ் கொடுக்கும்போது ரோட்டார் இரும்புல மிச்சமிருக்கற காந்தத்துல தானா முழிச்சுக்கும். உங்க வண்டி ஐடில்ல 12.0-லயே நின்னதுக்குக் காரணம் இதுதான். லைட் எரியாததால சார்ஜ் ஆகுதுன்னு யாரும் நம்பிடக் கூடாது.

ஆனா பல்பு மட்டும் மாத்தினா தீராது. ஒருதடவை முழிச்சுக்கிட்ட டைனமோ ரெண்டு ஹெட்லைட்டுக்கு இப்படிப் படுக்காது. ரெண்டு லைட்டும் சேந்து வெறும் 10 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். இப்ப லைட் போட்டு ரேஸ்ல இருக்கும்போது மீட்டர்ல ஒரு முனைய டைனமோ பின்னாடி இருக்கற தடி போல்ட்டுலயும், இன்னொரு முனைய பேட்டரி பிளஸ்லயும் வைங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா வயர்ல, டெர்மினல்ல நஷ்டம். அதே மாதிரி டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும். அங்க 0.2 தாண்டினா எர்த் வயரக் கழட்டித் தேய்ங்க. பெல்ட் தளர்ந்து கீச்சுனு கத்துதான்னும் பாத்துக்கங்க.

பூங்கொடி, புதுக்கோட்டை
நிறுத்தி வெக்கும்போது எதாவது கரண்ட் குடிக்குதான்னு பாத்தீங்களா அண்ணே? எங்க வீட்டுக்காரர் வண்டியில பாட்டுப் பெட்டிய நேரா பேட்டரியில குடுத்து வெச்சிருந்தாங்க, அதே கதைதான். சாவிய எடுத்துட்டு, மைனஸ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல வெச்சுப் பாருங்க. 0.05-க்குள்ள இருந்தா பரவாயில்ல. மீட்டர் நடுவுல இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிச்சிடாதீங்க, மீட்டரே போயிடும்.

ஆத்தங்குடி லோடு
குடிக்கிறது 0.03 தாங்க. பிளஸ் பக்கம் 0.1, எர்த் பக்கம் அதுக்கும் கம்மி. பெல்ட் டைட்டா இருக்கு. அப்ப கடைக்காரர் சொன்னது சரிதானா?

தேவகோட்டை டிரைவர்
நம்ம காரைக்குடி, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டின சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கற ஊரு. அங்க பேட்டரி ஆராய்ச்சி, இங்க வண்டியத் தள்ளிக்கிட்டு இருக்கோம்.

பழைய டீசல்
இவ்வளவு பேர் எழுதியிருக்கீங்க, யாரும் பின்பக்கத்தக் கேக்கலையே. லோடு தம்பி, உங்க டைனமோ முதுகுல பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஒட்டிக்கிட்டு இருக்கா? டீசல் பிக்கப்ல ரொம்பப் பேருக்கு அப்படித்தான். அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போயிட்டு வரும். நடுவுல ஒரு சின்ன சீல். அது போச்சுன்னா ஆயில் டைனமோ உள்ள வந்து கார்பன் தூளோட சேந்து கரி அப்பின மாதிரி ஆயிடும். ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கற கார்பன் கட்டை அதோட கூட்டுல ஒட்டிக்கும், ரோட்டார் வளையத்தத் தொடாது. சார்ஜ் வந்தும் வராமலும் கண்ணாமூச்சி ஆடும். பம்பு சரியா இழுக்காட்டி பிரேக்கும் கெட்டியாயிடும். உங்க பிரேக் பெடல் கெட்டியா இருக்கா?

ஆத்தங்குடி லோடு
கரெக்ட் அண்ணே! லோடோட வரும்போது பிரேக் மிதிக்கவே முடியல, பிரேக் ஷூ போச்சுன்னு இருந்தேன். இப்ப குனிஞ்சு பாத்தா டைனமோ பின்பக்கம் முழுக்கக் கருப்பா ஈரம். கைய வெச்சா பிசுபிசுங்குது.

பழைய டீசல்
பிரேக் கெட்டியா இருக்கறப்ப கல்லு ஏத்தாதீங்க, முதல்ல அதச் சரி பண்ணுங்க. கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ எடுத்துடுங்க, ஏன்னா அந்தத் தடி போல்ட்டுல சாவி இல்லாமலே எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடியில பட்டா பொறி பறக்கும். சீல், கார்பன் செட் ரெண்டும் புதுசு. ரோட்டார் வளையம் நல்லாருந்தா துடைச்சாலே போதும்.

கடைசியா ஒண்ணு, இதத்தான் பல பேர் விட்டுடறாங்க. பம்புலேர்ந்து ஆயில் திரும்பிப் போற ஹோஸ் நசுங்கியோ அடைச்சோ இருந்தா ஆயில் போக வழியில்லாம சீல உடைச்சுக்கிட்டு வரும். அதப் பாக்காம புது டைனமோ போட்டாலும் கொஞ்ச நாள்ல அதுவும் ஆயில்ல குளிக்கும். மாட்டும்போது பம்புக்குள்ள கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மாட்டச் சொல்லுங்க.

ஆத்தங்குடி லோடு
செக்காலை பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்துப் பாத்தாச்சு. அண்ணன் சொன்னபடியே இருந்துச்சு. ஒரு கார்பன் கூட்டுல இறுகிப்போய், தட்டித்தான் எடுத்தாரு. ரிட்டர்ன் ஹோஸ் வளைவுல ஒடுங்கி, ஊதினா காத்து போகல. சீல், கார்பன், ஹோஸ், டேஷ்போர்டு பல்பு, எல்லாம் மாத்தியாச்சு. சாவியத் திருப்பினா லைட் எரியுது, ஸ்டார்ட் ஆனதும் அணையுது. ஐடில்ல 13.9, ஹெட்லைட் போட்டா 13.6. பிரேக்கும் இளகிடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கோட்டையூர் வயர்மேன்
சந்தோஷம் தம்பி. அந்த பேட்டரிய மட்டும் கழட்டி வெளிய சார்ஜர்ல போட்டு முழுசா ஏத்திடுங்க. மாசக்கணக்கா பாதி சார்ஜ்ல ஓடினதால தகடுல சல்ஃபேட் படிஞ்சிருக்கும். டைனமோவ வெச்சே ஏத்தினா அதுக்கும் பளு. மூடி திறக்கிற பேட்டரின்னா டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தயும் பாருங்க, நம்ம ஊரு வெயிலுக்குச் சீக்கிரம் வத்தும்.

பூங்கொடி, புதுக்கோட்டை
அண்ணே, எங்க லாரி 24 வோல்ட். இதே கணக்குதானா?

கோட்டையூர் வயர்மேன்
எல்லாத்தயும் ரெண்டால பெருக்கிக்கங்கம்மா. நின்ன வண்டியில 25.2, ஓடும்போது 27.6-லேர்ந்து 28.8. ரெண்டு பேட்டரியயும் தனித்தனியாவும் அளந்து பாருங்க, ஒண்ணு மட்டும் கம்மியா இருந்தா கோளாறு அந்தப் பேட்டரியில.