டிரைப் நின்ன இடம்: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். நானும் மதனும் வண்டிய எடுத்துட்டோம். லின்னேயஸ் டிரைப் 1858ல மதுரையில எடுத்த படம்னு போன வாரம் பெரியப்பாகிட்ட காட்டுனேன்ல, அந்த எடங்களுக்குத்தான் போறோம். முதல்ல யானமலை.

சிங்கப்பூர் அக்கா: யாருடா அவரு? நான் அன்னிக்கு இல்லையே.

கார்த்தி: கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் படையில கேப்டன்க்கா. 1855ல பர்மாவுக்குப் போயி 200 படத்துக்கு மேல எடுத்தவரு. அடுத்த வருஷம் மதராஸ் மாகாணத்துக்கு அரசாங்கப் போட்டோகிராபரா ஆக்கிட்டாங்க. 1857 கடைசியில கெளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்திருக்காரு. மதுரைக்கு வந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி. நாங்களும் பிப்ரவரியில கெளம்புனதுக்குக் காரணம் அதான். வெயில் அதே சாய்வுல விழும், நெழல வச்சு அவரு எந்த நேரத்துல எடுத்தாருன்னு கண்டுபிடிச்சிறலாம்.

ஒத்தக்கடை அத்தை: யானமலைக்கு வந்தா வீட்டுக்கு வராமப் போயிறாதீங்க. இட்லிக்கு ஊத்திட்டேன்.

மதன்: வர்றோம் அத்தை. படம் எடுத்துட்டு வந்துர்றோம்.

சித்தப்பா: காருலயே போயிருக்கலாமேப்பா. வெயிலு ஏறுனா தாங்காது.

கார்த்தி: காருல இது முடியாது சித்தப்பா. படம் எடுத்த எடத்தத் தேடுறது அடி அடியா நகர்ற வேலை. பத்தடி தள்ளி நிறுத்தணும், திரும்பிப் பின்னாடி வரணும், சந்துக்குள்ள நொழையணும். மாசி வீதியில காரு நிறுத்த எடம் ஏது?

கார்த்தி: [படம்] இது டிரைப் எடுத்தது. யானமலையோட நுனியப் பார்த்து எடுத்திருக்காரு.

கார்த்தி: [படம்] இது நாங்க இப்ப எடுத்தது.

சிங்கப்பூர் அக்கா: பாறை அப்டியே இருக்கு! அந்தக் கறை கூட மாறலையேடா.

கார்த்தி: அதான் எங்களுக்கு வழிகாட்டுனது. கீழ இருக்கற எதையும் நம்ப முடியல. வீடு, காம்பவுண்டு சுவரு, போன் டவர்னு எல்லாம் புதுசு. பாறையில ஒரு வெடிப்பும் அதுக்கு மேல இருக்கற விளிம்பும் டிரைப் படத்துல எவ்ளோ தள்ளி நிக்குதோ, நேர்லயும் அவ்ளோ தள்ளி நிக்கணும். நாம வலது பக்கம் நகர்ந்தா கிட்ட இருக்கறது இடது பக்கம் வெலகும். அப்டி நகர்ந்து நகர்ந்து ரெண்டும் ஒட்டுற எடத்துலதான் அவரு முக்காலி நட்டிருக்காரு. ஜூம் பண்ணி இதச் சரிக்கட்ட முடியாதுக்கா, காலுதான் நகரணும்.

மதன்: டிரைப் படத்த ஓஎச்பி ஷீட்ல, அதான் கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியற பிளாஸ்டிக் தாள்ல, பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தோம். போன் திரைக்கு மேல வச்சுப் பார்த்தா சட்டுனு தெரிஞ்சிருது.

ஒத்தக்கடை அத்தை: அந்த மலை இன்னிக்கு அப்டியே நிக்குதுன்னா ஊர்க்காரங்க நின்னதாலதான்யா. 2010 வாக்குல மலையக் குடைஞ்சு சிற்ப நகரம் கொண்டு வரப்போறோம்னு ஒரு திட்டம் வந்துச்சு. நரசிங்கத்துல இருந்தும் எங்க பக்கத்துல இருந்தும் சனம் அத்தனையும் வேண்டாம்னு நின்னுச்சு. நானும் போயி நின்னேன். மலையில சமணப் படுக்கை இருக்கு, அடியில நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கு, அதுல எப்டிக் கை வைக்கிறது?

பெரியப்பா: நரசிங்கப் பெருமாள் கோயில் கல்வெட்டு கி.பி. 770. பாண்டியனோட மந்திரி மாறன் காரி குடைய ஆரம்பிச்சான், அவன் காலமானதும் தம்பி மாறன் எயினன் முடிச்சு வச்சான். வட்டெழுத்துல இருக்கும். கார்த்தி, அதையும் தெளிவா ஒரு படம் எடுத்து வச்சுக்க.

கார்த்தி: கண்டிப்பா பெரியப்பா.

ஒத்தக்கடை அத்தை: ரெண்டு பேரும் சாப்ட்டுக் கெளம்பிட்டாங்க. மதன் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே போறான், நல்ல பிள்ளை.

கார்த்தி: [படம்] வைகை. வடகரையில இருந்து ஆத்தத் தாண்டி மதுரையப் பார்த்து டிரைப் எடுத்தது. ஆத்துக்குக் குறுக்க தரைப்பாலம் தெரியுது பாருங்க.

சித்தி: ஐயோ, என்ன அழகா இருக்கு. மேகத்தப் பாரு! மழ வர்ற மாதிரி இருக்கே.

கார்த்தி: சித்தி, மேகத்த மட்டும் நம்பாதீங்க. டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏத்துன காகிதத்துலதான் நெகட்டிவ் எடுத்தாரு. அதுல இருந்து அச்சுப் போட்டா வானத்தோட நீலம் வெறும் வெள்ளையா விழுந்துரும். அதனால நெகட்டிவ்லயே கையால தீட்டி மேகம் உண்டாக்கிருவாரு. மத்தபடி கல்லு, மரம், தண்ணி எல்லாம் உள்ளதுதான்.

சித்தி: அப்டியா! ஆளுகளையே காணோமே, அப்ப ஊருல கூட்டமே கெடையாதா?

கார்த்தி: கூட்டம் இருந்திருக்கும் சித்தி. அந்தக் காகிதத்துல படம் பதியணும்னா நிமிஷக் கணக்கா லென்ஸத் தெறந்து வைக்கணும். நடந்து போறவங்க யாரும் பதிய மாட்டாங்க. அசையாததுதான் நிக்கும்.

பெரியப்பா: இப்ப அங்க நின்னா முதல்ல ஏ.வி. பாலந்தான் கண்ணுல படும். அது 1889ல தெறந்தது. இந்தப் படம் அதுக்கு முப்பது வருஷத்துக்கு முந்தி. அக்கரைக்குப் போகணும்னா ஆத்துல எறங்கித்தான் ஆகணும்னு இருந்த காலம்.

கார்த்தி: [படம்] நீங்க சொன்ன மாதிரியேதான் பெரியப்பா. எங்க படத்துல பாதிய பாலம் பிடிச்சுக்கிருச்சு. கரையில ரெண்டு பக்கமும் ரோடு வந்துருச்சு. கோபுரம் தெரியற சந்து கெடைக்கிறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு.

சித்தி: எல்லாம் கெட்டுப்போச்சுப்பா. பழைய படத்தப் பார்த்தா வயிறு எரியுது.

கார்த்தி: சித்தி, அடுத்த படத்தப் பார்த்துட்டுச் சொல்லுங்க. [படம்] இது நாயக்கர் மகால், 1858.

சித்தி: இதுவா மகாலு? இப்டிச் செதஞ்சு கெடக்கு!

பெரியப்பா: ஆமா. 1636ல திருமலை நாயக்கர் கட்டுனது. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்துல நெறைய பாகத்தப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போயிட்டாங்க. நேப்பியர் பிரபு கவர்னரா இருந்தப்ப, 1866க்கும் 1872க்கும் இடையில, செப்பனிட்டாரு. நாம பார்த்து வளர்ந்த மகால் அந்தச் செப்பனிட்ட மகால்தான். அன்னிக்கி இருந்ததுல கால்வாசி கூட இப்ப மிச்சம் கெடையாதும்பாங்க. பக்கத்துச் சந்துல பத்துத்தூண் நிக்குதே, அதுவும் அந்த அரண்மனையோடதுதான்.

கார்த்தி: அதனாலதான் சித்தி எல்லாமே கெட்டுப்போச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். 160 வருஷத்துக்கு முந்தி இடிஞ்சு கெடந்தது இன்னிக்கு நிமிந்து நிக்குது.

சிங்கப்பூர் அக்கா: விளக்குத்தூண் படம் இருக்குன்னு சொன்னியே? அப்பாவோட கடை அங்கதான இருந்துச்சு.

கார்த்தி: அங்கதான்க்கா நிக்கிறோம். [படம்] [படம்] பிளாக்பர்ன் நினைவுத்தூண்னு டிரைப் பேரு போட்டுருக்காரு.

மதன்: வண்டிய ஜிகர்தண்டா கடைப் பக்கம் ஓரங்கட்டிட்டு ரோட்டக் கடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

பெரியப்பா: அந்தத் தூணப் பத்தி நம்ம வீட்டுப் பிள்ளைக எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். பிளாக்பர்ன் 1834ல இருந்து 1847 வரைக்கும் மதுரைக் கலெக்டர். அப்ப ஊரச் சுத்திக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. ஊரு உள்ளேயே நெருக்கிக் கெடந்தது. சுவர இடிச்சு அகழியத் தூக்குறவங்களுக்கு அந்த எடத்துல மனை தர்றேன்னு அறிவிச்சாரு. சனங்களே இடிச்சாங்க. அப்டி வந்ததுதான் வெளிவீதிகளும் மாரட் வீதிகளும். மாரட் வெள்ளைக்கார சர்வேயர். பெருமாள் மேஸ்திரி வேலைய நடத்துனவரு, அவரு பேர்லயும் வீதி இருக்கு. ஊரு பெருசாச்சேங்கற நன்றிக்குத்தான் அந்தத் தூணு.

சித்தப்பா: நான் பெருமாள் மேஸ்திரி வீதியிலதான் பொறந்தேன். இத்தன வருஷமா யாரோ கோயிலுக்குக் கட்டளை எழுதி வச்சவரு பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பெரியப்பா: டிரைப் எடுத்தப்ப அந்தக் கோட்டை போயி இருபது வருஷம் கூட ஆகல. இடிச்ச கை அத்தனையும் ஊருக்குள்ள உயிரோட இருந்திருக்கும். அத நெனச்சுக்கிட்டு அந்தப் படத்தப் பாருங்க.

சிங்கப்பூர் அக்கா: பெரியப்பா, இத நீங்க பேசி ஒரு வாய்ஸ் மெசேஜா போடுங்க. என் பொண்ணுக்குக் கேக்கப் போட்டுக் காட்டணும்.

பெரியப்பா: சாயங்காலம் போடுறேன்மா.

கார்த்தி: கடைசியா மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதுத்தாப்ல இருக்கற புதுமண்டபம். இதப் பத்தி நான் கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், எல்லாரும் படிங்க.

கார்த்தி: [படம்] உள் நடையில ரெண்டு பக்கமும் சிற்பத் தூணு, நடுவுல வெறும் கல்தரை. இது 1858.

கார்த்தி: [படம்] இது இப்ப. கிழக்குப் பக்கம் வெளியில நின்னு தூண்களுக்கு ஊடாலப் பார்த்து எடுத்தது.

சித்தி: கடையெல்லாம் எங்கப்பா?

சித்தப்பா: கடைகளக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தி ரொம்ப நாளாச்சே.

கார்த்தி: அதத்தான் சொல்ல வந்தேன். இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு போலவே இருக்கு. டிரைப் காட்டுன தூணும் வெறுந்தரையும் திரும்பி வந்துருச்சு. பார்க்கறவன் இங்க ஒண்ணுமே நடக்கலன்னு நெனச்சுக்குவான். ஆனா நாம அத்தன பேரும் பாத்த புதுமண்டபம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்துச்சு. தூணுக்குத் தூணு தையல் மெஷினு, பித்தளப் பாத்திரம், குங்குமம், பள்ளிக்கூடப் புத்தகம். அது ரெண்டு படத்துலயுமே இல்ல.

ஒத்தக்கடை அத்தை: என் முதல் பாவாட சட்ட அங்கதான் தச்சது. அளவெடுத்துட்டு, கோயிலச் சுத்திட்டு வாங்க, முடிச்சிருவேன்னு சொல்லுவாரு அந்த அண்ணன். சுத்திட்டு வந்தா தச்சு முடிச்சுத் தயாரா இருக்கும்.

சித்தப்பா: அழகர் ஆத்துல எறங்குறப்போ வேசம் கட்டுறவங்களுக்குத் துணி தச்சதும் அங்கதான். சித்திர மாசம் காலு வைக்க எடம் இருக்காது.

கார்த்தி: சிற்பத்துக்கு இடைஞ்சல்னு கடைகள எடுத்தது சரிதான்னு நெனக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியுமா அந்தத் தூணெல்லாம் பட்ட பாட்டப் பாத்திருக்கேன். 2018 பிப்ரவரியில கோயிலுக்குள்ள வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகள்ல தீப்பிடிச்சப்ப நாம தூங்கல. ஆனா அந்தத் தையக்காரங்க இருந்ததுக்கு ஒரு சாட்சி வேணும். அத எடுக்க யாரும் கேமராவோட வண்டி கட்டிக்கிட்டு வரல. நம்ம வீட்டு ஆல்பத்துலதான் அது இருக்கும்.

மதன்: தெப்பக்குளமும் அதே கததான். டிரைப் படத்துல நடு மண்டபம். இப்ப வைகைத் தண்ணி விட்டுப் படகு போகுது, நடு மண்டபம் தண்ணிக்கு நடுவுல நிக்குது. நாங்க அதுக்குள்ள எறங்கி கிரிக்கெட் ஆடுன வருசமெல்லாம் எந்தப் படத்துலயும் இல்ல.

சிங்கப்பூர் அக்கா: இருக்குடா! எங்கிட்ட ஒரு படம் இருக்கு. வறண்ட தெப்பக்குளத்துக்குள்ள நீங்கெல்லாம் மட்டையோட நிக்கிறீங்க, பின்னாடி மண்டபம் தெரியும். அம்மா குடுத்த கவருக்குள்ள இருக்கு.

கார்த்தி: அத உடனே ஸ்கேன் பண்ணி அனுப்புக்கா. போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல போடாத, தரம் கொறஞ்சிரும். மெயில்ல அனுப்பு. பின்னாடி ஏதாச்சும் எழுதியிருந்தா அதையும் எடு.

சித்தி: எங்க கல்யாணத்துக்குச் சேல எடுக்க வந்தப்ப புதுமண்டபத்து வாசல்ல எடுத்த படம் ஒண்ணு பீரோவுல இருக்கணும். பின்னாடி கடை தெரியும்னு நெனக்கிறேன். தேடுறேன் இரு.

பெரியப்பா: நல்ல வேலை பண்றீங்கப்பா. பாவம், டிரைப்ப ரொம்ப நாள் வேலை பாக்க விடல. டிரெவெலியன் கவர்னரா வந்ததும் இது ஆடம்பரச் செலவுன்னு நிறுத்திட்டாரு. டிரைப் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்ட 21 படமா எடுத்து ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஆக்கி வச்சது தெரியுமா?

கார்த்தி: தெரியும் பெரியப்பா. அடுத்தது அதான். ராத்திரி வண்டி ஓட்ட மாட்டோம், தஞ்சாவூர்ல தங்கித்தான் வருவோம்.

பெரியப்பா: நானும் வர்றேன். பஸ்ல வந்துர்றேன், கோயில் வாசல்ல சேந்துக்கறேன்.

சித்தி: [படம்] கெடைச்சிருச்சு! பின்னாடி தையல் மெஷினு ரெண்டு தெரியுது பாரு. ஒருத்தர் தலையக் குனிஞ்சு தச்சுக்கிட்டிருக்காரு.

ஒத்தக்கடை அத்தை: அடியே, அது அந்த அண்ணன்தான்!

கார்த்தி: அத்தை, நெசமாவா? சித்தி, ஆல்பத்துல இருந்து பிய்க்காதீங்க. நான் நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போறேன்.