மறு: பாக்கெட் பிஸ்டலுக்குச் சொல் – 'பையடக்கத் துப்பாக்கி'

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

'பாக்கெட் பிஸ்டல்' என்பதற்கு இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: குறுந்துப்பாக்கி, மறைதுப்பாக்கி, மடித்துப்பாக்கி, சட்டைப்பைத் துப்பாக்கி, கையடக்கத் துப்பாக்கி. எல்லாமே யோசித்து உருவாக்கியவை. ஆனால் சொல்லோடு சொல்லை ஒப்பிட்டே பேசிக்கொண்டிருக்கிறோம். இப்படியொரு துப்பாக்கியை வாங்கப் போகிறவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்ற பக்கம் இன்னும் போகவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் சொல் தானாகக் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

> சின்னத் துப்பாக்கி, அவ்வளவுதானே? 'குறுந்துப்பாக்கி' போதும்.

போதாது. முதல் காரணம், குறுந்துப்பாக்கி என்றதும் குழலைக் குறைத்த நீளத் துப்பாக்கி, அதாவது கார்பைன்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். கைத்துப்பாக்கிகளுக்குள் அளவு வரிசை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கிளாக் நிறுவனத்தின் 9 மி.மீ. துப்பாக்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 17 என்பது முழு அளவு, 19 அதைவிடச் சற்றுச் சிறியது, 26 இன்னும் சிறியது. (அந்த எண் தோட்டாக்களின் எண்ணிக்கை அல்ல, 26-இன் ரவைக்கூட்டில், அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூட்டில், 10 தோட்டாக்கள்தான் பிடிக்கும்.) இந்த வரிசைக்கு முழுஅளவு, கச்சிதம், குறுங்கச்சிதம் என்று வைத்துக்கொள்ளலாம். 'கச்சிதம்' நாம் தினமும் புழங்கும் சொல். காம்பாக்ட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

வரிசையின் கடைசியில் நிற்கும் அந்த 26-கூடப் பெரும்பாலான கால்சட்டைப் பைகளுக்கு ஒத்துவராது. நீளம் சுமார் 16 செ.மீ.தான். ஆனால் ரவைக்கூட்டில் தோட்டாக்கள் இரட்டை அடுக்காக இருப்பதால் தடிமன் 3 செ.மீ. அளவுக்குப் போய்விடுகிறது. நடந்தால் தொடையில் இடிக்கும், உட்கார்ந்தால் துணியைத் தூக்கிக் காட்டும். 2008-இல் வந்த ரூகர் நிறுவனத்தின் எல்சிபி துப்பாக்கியைப் பாருங்கள்: நீளம் 13 செ.மீ., தடிமன் 2 செ.மீ., காலியாக எடை ஏறக்குறைய 270 கிராம். இது பைக்கென்றே பிறந்தது.

சரி, அப்படியானால் தடிமன்தான் அளவுகோலா? அதுவும் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற ஐந்து தோட்டாச் சுழல்துப்பாக்கியின் உருளை 3 செ.மீ.க்கு மேல் தடிமன். எடை 400 கிராமைத் தாண்டும். கணக்குப்படி அது பைக்கு வரவே கூடாது. ஆனாலும் அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகள் பல பத்தாண்டுகளாகப் பைக்குள்தான் போய்வருகின்றன. காரணம் வடிவம். பின்புறம் வழவழப்பாக உருண்டிருக்கும், குதிரை (தோட்டாவின் பின்புறம் அடி விழச் செய்யும் பாகம்) வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, வெளியே எடுக்கும்போது துணியில் மாட்ட ஒன்றுமில்லை. ஆக, சின்னது என்பது மட்டும் இலக்கணம் ஆகாது. பை ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

> 'மறைதுப்பாக்கி' என்பதற்குக் குறளே துணை.

குறள் 828-ஐச் சொல்கிறார். "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்": கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும். மேற்கோள் அருமையானது, ஆனால் அது கூடாநட்பு அதிகாரத்தில் வருகிறது. பகைவரின் வஞ்சகத்தைச் சொல்ல வந்த இடம். சட்டப்படி உரிமம் வாங்கித் தற்காப்புக்கு வைத்திருப்பவரின் கருவிக்கு அந்த நிழல் விழக்கூடாது. தவிர, எந்தத் துப்பாக்கியையும் மறைக்கலாம். மேலங்கிக்குள் முழுஅளவுத் துப்பாக்கியை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பேனா போலவும் கைத்தடி போலவும் உருமாற்றிச் செய்த துப்பாக்கிகள் உண்டே, 'மறைதுப்பாக்கி' அவற்றுக்குத்தான் சரியாகப் பொருந்தும். அதற்கென்று எடுத்து வைத்துக்கொள்வோம். 'ஒடுங்கு' என்ற வினையையும் விட்டுவிட வேண்டாம். ஒற்றை அடுக்கு ரவைக்கூடு உள்ள ஒல்லியான துப்பாக்கிகளை 'ஒடுக்க வகை' என்று அழைக்கலாம்.

'மடித்துப்பாக்கி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, மறைத்துக் கொண்டுபோகும் பொருள் என்றாலே மடிதான். ஆனால் மடி என்பது இடுப்பு. இடுப்பில் செருகிக்கொண்டு போவது தனி முறை, அதற்கான உறை வேறு, அதற்கு ஏற்ற துப்பாக்கியின் அளவும் வேறு. மடிக்கணினி வந்த பிறகு மடி என்றால் தொடை என்றும் ஆகிவிட்டது. அப்புறம் மடக்குக்கத்தி போல மடித்து வைக்கும் துப்பாக்கியோ என்ற ஐயமும் வரும். 'சட்டைப்பை' நேராகவே தவறான பையைக் காட்டுகிறது. மார்புப் பையில் இதை யாரும் போடுவதில்லை. கால்சட்டையின் முன்பை, இல்லையென்றால் மேலங்கிப் பை.

இனி வலுவான போட்டியாளருக்கு வருகிறேன்.

> பாக்கெட் டிக்‌ஷனரி கையடக்க அகராதி. அப்படியென்றால் பாக்கெட் பிஸ்டல் கையடக்கத் துப்பாக்கிதானே?

இதற்கு விரிவாகப் பதில் சொல்லவேண்டும். அகராதியைப் பொறுத்தவரை கைக்கு அடங்கினால் பைக்கும் அடங்கிவிடும். துப்பாக்கியில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. எல்சிபி போன்ற ஒன்றைக் கையில் எடுத்தால் பிடியில் இரண்டு விரல்களுக்குத்தான் இடம் இருக்கும். சுண்டுவிரல் பற்ற இடமில்லாமல் கீழே தொங்கும். பெரிய கை உள்ளவருக்குச் சுட்டுவிரல் விசையில் தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவே தூரம் குறைவு, அதனால் கை கொஞ்சம் அசைந்தாலும் குறி நிறைய விலகும். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். இலேசான 642-இல் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கையில் சுளீரென்று தெரியும். பைக்கு எவ்வளவு இதமோ, கைக்கு அவ்வளவு கடினம். நன்றாகக் கைக்கு அடங்குவது கச்சித வகைதான். இதைப் போய்க் 'கையடக்கம்' என்றால், வாங்கப் போகிறவருக்கு நாம் நேர்மாறான தகவலைக் கொடுக்கிறோம். சொல்லை நம்பி, பழக எளிதாக இருக்கும் என்று முதல் துப்பாக்கியாகவே இதை வாங்குவார். புதிதாகப் பழகுகிறவர் கையில் கொடுக்கக்கூடாத வகை இது.

ஆனால் 'அடக்கம்' என்ற பகுதி பொன்னானது. ஓர் எழுத்தை மாற்றினால் போதும்: பையடக்கம். பையடக்கத் துப்பாக்கி.

கையடக்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால், பையடக்கம் என்று கேட்ட உடனேயே பொருள் புரியும். எதில் அடங்கவேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அடங்குதலில் அளவும் இருக்கிறது, வெளியே தெரியாமல் இருத்தலும் இருக்கிறது, வஞ்சகம் இல்லை. சுழல்துப்பாக்கி என்றால் பையடக்கச் சுழல்துப்பாக்கி. பேச்சில் சுருக்கிப் 'பைத்துப்பாக்கி' என்று சொன்னால் சொல்லட்டும்.

பை என்பது தோளில் மாட்டும் பையையும் குறிக்குமே என்று ஒருவர் கேட்கக்கூடும். அதற்குக் கைப்பை, தோள்பை என்ற சொற்கள் இருக்கின்றன. "பைக்குள் கையை விட்டான்" என்று எழுதினால் யாரும் தோள்பையை நினைப்பதில்லை.

கலைச்சொல் என்றால் வரையறை உறுதியாக இருக்கவேண்டாமா, ஆளுக்கு ஆள் பை மாறுமே என்ற கேள்வியும் நியாயமானதுதான். மாறத்தான் செய்கிறது, இந்தத் துப்பாக்கிகளின் வரலாறே அப்படித்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த, கோல்ட் நிறுவனத்தின் 1903 துப்பாக்கி 'பாக்கெட்' என்ற பெயரோடுதான் விற்றது. அதன் நீளம் சுமார் 17 செ.மீ., எடை 650 கிராமுக்கு மேல். அன்றைய மேலங்கியின் அகலமான பையை மனத்தில் வைத்துக் கொடுத்த பெயர். இன்றைய கால்சட்டைப் பையில் அது நிற்காது. அவரே வடிவமைத்து 1908-இல் கோல்ட் வெளியிட்ட .25 துப்பாக்கி இடைச்சட்டைப் பைக்கானது, 12 செ.மீ. நீளம்கூடக் கிடையாது. 2018-இல் வந்த, சிக் நிறுவனத்தின் பி365 துப்பாக்கி, பத்துத் தோட்டாக்களோடு முழு வலுவுள்ள 9 மி.மீ. வகையில் எல்லைக்கோட்டில் நிற்கிறது; ஆழமான பை உள்ளவருக்குப் பையடக்கம், மற்றவருக்குக் குறுங்கச்சிதம். வாங்குகிறவர் தன் பையை அளந்து பார்க்கத்தான் வேண்டும். இந்தச் சொல் அதை நினைவூட்டினால் நல்லதுதானே.

கோல்ட் 1903 பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அதை 'ஹேமர்லெஸ்' என்றார்கள். குதிரை இல்லாதது என்று நாம் மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும். குதிரை இருக்கிறது, உள்ளே மூடி வைத்திருக்கிறார்கள். 642-உம் அப்படித்தான். ஆகவே 'உட்குதிரை'. தமிழில் சிலர் விசையையே குதிரை என்று எழுதுகிறார்கள். இந்தத் துறையில் விரல் இழுப்பது விசை, தோட்டாவின் பின்புறம் அடி விழச் செய்வது குதிரை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ரவைக்கூடு ஈழத்தமிழில் நன்றாகப் புழங்கிவரும் சொல், அதை மாற்றவே வேண்டாம்.

உறைக்கு வருகிறேன். 'பையுறை' என்று ஒருவர் முன்வைத்திருந்தார். கையுறை கைக்கு மாட்டுவது, காலுறை காலுக்கு மாட்டுவது. அந்த வழியில் பையுறை என்பது பைக்கு மேல் மாட்டுவதாகிவிடும். 'உட்பை உறை' என்றால் பைக்குள் வைக்கும் உறை என்பது தெளிவாக இருக்கிறது. இதற்கு நல்ல சொல் தேவை, ஏனென்றால் உயிர்காக்கும் பொருள் இதுதான். உறை இல்லாமல் துப்பாக்கியை நேராகப் பையில் போடுவது மிக ஆபத்தானது. சாவியோ பேனா மூடியோ விசைவளையத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்சிபியின் முதல் வடிவத்தில் தனியாகப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது, நீண்டு இழுபடும் கனமான விசைதான் பாதுகாப்பு. உறை விசையை முழுவதும் மூடவேண்டும், துப்பாக்கியின் பிடியை மேல்நோக்கியே நிறுத்தவேண்டும், உருவும்போது கூடவே வெளியே வராமல் பைக்குள்ளேயே நிற்கவேண்டும். அந்தப் பையில் வேறெதையும் போடக்கூடாது. திரும்ப வைக்கும்போது உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் பொருத்திவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் விடவேண்டும்.

'டிரா' என்பதற்கு உருவுதல் போதும், வாளுக்குச் சொன்னது இதற்கும் பொருந்துகிறது. 'பிரிண்டிங்' என்பதற்கு அச்சு என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். துணிக்கு மேல் வடிவம் தெரிவதைத் துருத்திக்கொண்டு தெரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். துருத்தல்.

'கன்சீல்டு கேரி' பற்றி என் கருத்து மாறுபட்டது. மறைத்தேந்தல், மறைதாங்கல், மறைதரிப்பு என்று மூன்று வந்திருக்கின்றன. ஏந்துதல் என்றாலே ஆயுதம் கையில் தெரியவேண்டும். தாங்கல் மனத்தாங்கலை நினைவூட்டுகிறது. தரிப்பு இலங்கைத் தமிழில் வண்டி நிற்பது. மூன்றையும் விட்டுவிட்டு 'மறைத்துக் கொண்டுசெல்லல்' என்று வினையாகவே எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லாக இறுக்கிக் கட்டவேண்டும் என்பதில்லை. சட்டத்தில் வைத்திருத்தல் வேறு, கொண்டுசெல்லல் வேறு. அமெரிக்காவில் வெளிப்படையாகக் கொண்டுசெல்வதற்கும் மறைத்துக் கொண்டுசெல்வதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. இந்த வேறுபாடுகளை வினைத்தொடர் அப்படியே காட்டும்.

சொற்கள் உரைநடையில் நடக்கின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"மறைத்துக் கொண்டுசெல்லப் பையடக்கத் துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் தன் பையின் வாய் அகலத்தைப் பார்க்கவேண்டும். துப்பாக்கி உள்ளே போனால் போதாது, துப்பாக்கியைப் பிடித்த கை வெளியே வரவேண்டும். உட்குதிரை வகையானால் துணியில் மாட்டாது. .380 தோட்டாவும் 9 மி.மீ. தோட்டாவும் ஒரே விட்டம்தான். ஆனால் முன்னதன் கூடு 17 மி.மீ. நீளம், பின்னதன் கூடு 19. முன்னதில் வலு குறைவு, அதனால் சிறிய துப்பாக்கியில் பின்னுதைப்பும் குறைவு. ஒடுக்க வகையில் துருத்தல் குறையும், தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறையும். எதை வாங்கினாலும் விசையை மூடும் உட்பை உறையோடு வாங்கி, காலித் துப்பாக்கியில் உருவிப் பழகிவிட்டு, பிறகு சுடுதளத்தில் தொடர்ந்து பயிற்சி செய்யவேண்டும்."

எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்கேனும் இடறினால் அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

'ஸ்லைடு' என்பதற்குத்தான் இன்னும் எதுவும் அமையவில்லை. சறுக்கி என்றால் வழுக்கி விழுவதுபோல் இருக்கிறது, மேலோடு என்றால் அசையாத பாகம் போல் தோன்றுகிறது. சுடும்போது பின்னே போய் முன்னே வரும் பாகம் அது, அந்த அசைவு சொல்லில் இருந்தால் நல்லது. எந்திரத் தொழிற்கூடங்களில் இப்படி ஓடித் திரும்பும் பாகத்துக்குப் பேச்சில் ஏதாவது சொல் இருந்தால், தெரிந்தவர்கள் அப்படியே எழுதுங்கள்.