மறு: மறு: "நாக்-அவுட் பஞ்ச்": தட்டா, குத்தா, இழுப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

எவர்சில்வர் சிங்க்கில் கூடுதலாக ஒரு துளை போடுவது பற்றிய செய்முறைக் கையேடு தமிழில் தயாராகிறது. வடிகட்டிக் குழாய்க்கோ சோப்புக் குமிழுக்கோ (அழுத்தித் திரவ சோப்பு எடுக்கும் பம்ப்) துளை விடாமல் வந்துவிட்ட சிங்க்குகளுக்கானது. ஹோல் சா (ட்ரில்லில் மாட்டும் வட்ட அரம்பம்) என்பதைத் 'துளை அரம்பம்' என்றும், ஸ்டெப் பிட் (படிப்படியாக அகலும் கூம்பு வடிவத் துளைப்பான்) என்பதைப் 'படித்துளைப்பான்' என்றும் வைத்தாயிற்று. தகட்டில் வட்டத் துளை வெட்டும் இன்னொரு கருவியான நாக்-அவுட் பஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்குத் 'தட்டுத்துளைப்பான்' என்று எழுதியிருக்கிறது. இதைவிட நல்லது உண்டா?

———

> இப்போதைக்குத் 'தட்டுத்துளைப்பான்'

ஐயா, இந்தப் பெயரைப் படிப்பவர் முதலில் சுத்தியலைத் தேடுவார். 1.2 மி.மீ. தகட்டில் சுத்தியலை ஓங்கினால் துளை விழாது, பள்ளம் விழும். பளபளப்பான பரப்பில் விழுந்த பள்ளத்தை எடுப்பது லேசில் ஆகிற காரியமல்ல. ஆங்கிலப் பெயரும் நமக்கு உதவாது. மின்பெட்டிகளின் பக்கச்சுவரில் பாதி வெட்டி விட்டிருக்கும் வில்லையைத் தட்டி எடுப்பார்களே, அந்தத் தொழிலிலிருந்து வந்த பெயர் அது.

இந்தக் கருவி செய்வது வேறு. தகட்டில் முதலில் ஒரு சிறு துளை போட்டு அதன் வழியே தடித்த திருகாணியை நுழைக்கிறோம். ஒரு பக்கம் விளிம்பு கூரான தலை, மறுபக்கம் உள்ளே வெற்றிடமான கிண்ணம். ஸ்பானரால் திருகத் திருக, தலை தகட்டைக் கடித்தபடி கிண்ணத்துக்குள் இழுபடும். அந்தத் தலையின் விளிம்பு சமமாக இருக்காது, அலைபோல் ஏறி இறங்கும். காரணம் உண்டு. 35 மி.மீ. வட்டத்தை ஒரே நேரத்தில் வெட்ட ஐந்து டன்னுக்கு மேல் விசை வேண்டும். இரண்டு மூன்று முனைகளில் தொடங்கி வெட்டு சுற்றிப் படர்வதால்தான் கை ஸ்பானருக்கு அடங்குகிறது. மரைக்குக் கிரீஸ் தடவாமல் திருகினால் கையின் பலமெல்லாம் உராய்வுக்கே போய், திருகாணி முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே 'இழுவெட்டி' என்று முன்மொழிகிறேன். நகவெட்டி, பாக்குவெட்டி வரிசையில் உட்காரும்.

———

'வெட்டி' என்று முடிவதால் 'வெட்டிப்பேச்சு' நினைவுக்கு வருமே என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நகவெட்டியை யாரும் அப்படி நினைப்பதில்லை. என் ஓட்டு இழுவெட்டிக்கு.

கையேட்டில் சொல்லைவிட ஆபத்தான இடம் அளவுதான். இழுவெட்டியின் மேல் பொறித்திருக்கும் அங்குலம் பல நேரம் துளையின் அளவாக இருக்காது. மின்கம்பிக் குழாயின் பெயரளவாக, அதாவது அந்தக் குழாயை அழைக்கும் அளவாக, இருக்கும். '1 அங்குலம்' என்றிருப்பது போடும் துளை ஏறக்குறைய 34.6 மி.மீ. '1¼' என்றிருப்பது 43 மி.மீ. சோப்புக் குமிழுக்கு 32 மி.மீ. வேண்டும் என்று ஒன்றேகால் அங்குலத்தை வாங்கி வெட்டினால் சிங்க் கெட்டது கெட்டதுதான். அகலமான அடித்தட்டு வைத்து மறைப்பது தவிர வழியில்லை. எனவே 'பெயரளவு', 'துளையளவு' என்ற இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே கடைசிவரை ஆளுங்கள். 35 மி.மீ. கேட்கும் குழாய்க்கு 34.6 பெரும்பாலும் போதும். தண்டு உரசினால் அரைவட்ட அரத்தால் இரண்டு இழுப்பு.

———

இழுவெட்டிக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் இரண்டு உறுப்புகளுக்கு 'மேலச்சு', 'கீழச்சு' என்று வரைவில் பார்த்தேன். அது கூடாது.

எது மேலே வரும் என்பது வேலையைப் பொறுத்து மாறும். வெட்டிய விளிம்பில் கூராக நீட்டும் பிசிறு எப்போதும் கிண்ணத்தின் பக்கம்தான் எழும். தலை நுழையும் பக்கம் விளிம்பு லேசாக மழுங்கி உள்வாங்கும். சிங்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தால் தலையை மேலே வைத்து, பிசிறைக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் தள்ளலாம். பொருத்தியிருக்கும் சிங்க்கில் பெரும்பாலும் அப்படி முடியாது. திருகாணியின் கொண்டை கிண்ணத்தின் பக்கம் இருக்கும். அடியில் தொட்டியின் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஸ்பானரைச் சுழற்ற இடம் இருக்காது. அங்கே கிண்ணம்தான் மேலே. அப்போது பரப்பில் கிண்ணத்தின் தடம் பதியாமலிருக்க மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும், மேலே எழும் பிசிறை அரத்தால் எடுத்த பிறகே ரப்பர் வளையத்தை வைக்க வேண்டும். பிசிறோடு இறுக்கினால் வளையம் அறுபட்டு அடியில் நீர் கசியும்.

'வெட்டுத்தலை', 'தாங்குகிண்ணம்' என்று வேலையைச் சொல்லும் பெயர்களாக வையுங்கள். வெட்டுப்பட்டு விழுவது 'வில்லை'. பிசிறுக்குப் புதுச்சொல் தேடி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம், பட்டறையில் அதுதான் சொல்.

———

துளை அரம்பப் பகுதியில் 'வொர்க் ஹார்டனிங்' என்பதற்கு 'வேலைக் கடினமாதல்' என்று ஒரு தொடர் வருகிறது. படித்தால் 'வேலை கஷ்டமாகிவிடும்' என்றுதான் தோன்றுகிறது. (அதுவும் உண்மைதான்!)

நடப்பது இது. சிங்க்குகளில் வழக்கமாக வரும் எவர்சில்வரான 304 வகை எஃகு நசுங்க நசுங்க இறுகும். பல் ஆழமாகக் கடிக்காமல் மேலே வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றினால், தொட்ட இடம் இறுகி, அடுத்த சுற்றில் பல்லையே மழுக்கிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் புகைதான் வரும். 'நசுங்கிறுக்கம்' என்று பெயர்ச்சொல் ஆக்கலாம். செய்முறைக் கையேட்டுக்கு அது கூடத் தேவையில்லை, 'தகடு இறுகிவிடும்' என்ற வினையே போதும். அதற்குப் பதில் எண்களைக் கொடுங்கள்: நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் என்று கொண்டால் 35 மி.மீ. அரம்பத்துக்கு ஏறக்குறைய 110 சுற்று, 10 மி.மீ. துளைப்பானுக்கு 380 சுற்று. கை ட்ரில்லில் குறைந்த கியர், அதன் சுவிட்சைப் பாதிதான் அழுத்த வேண்டும், கட்டிங் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரம்பத்தின் பல் சிக்கினால் மணிக்கட்டைத் திருகிவிடும் என்பதால் பக்கப்பிடி இல்லாத ட்ரில் வேண்டாம்.

படித்துளைப்பானுக்கு ஒரே எச்சரிக்கை: கடைசிப் படியை எங்கே நிறுத்துவது என்று டேப் சுற்றி அடையாளம் வைக்காவிட்டால் ஒரு படி தாண்டிவிடும். தகட்டின் அடியில் மரக்கட்டையை இறுக்கிப் பிடிக்க வைக்காவிட்டால் தகடு அதிர்ந்து துளை கோணல்மாணலாக வரும், வட்டமாக வராது.

———

> வெட்டுப்பட்டு விழுவது 'வில்லை'

சரி. அரம்பத்தில் வருவது வில்லை மட்டுமல்லவே, தூளும் சுருளும்? 'சீவல்' என்றால் பாக்கு, 'துருவல்' என்றால் தேங்காய். 'உலோகச் சுருள்' என்று நீட்டியே எழுதலாம். காந்தத்தால் ஒற்றி எடுக்கலாம் என்று வரைவில் இருப்பதை எடுத்துவிடுங்கள். 304-ஐக் காந்தம் சரியாக இழுக்காது. வெட்டும்போது நசுங்கிய தூள் கொஞ்சம் ஒட்டும், அதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிறகு ஈரத்துணி. சாதா இரும்பைத் தேய்த்த அரத்தை இங்கே எடுக்கக் கூடாது, அதன் துகள் ஒட்டிக்கொண்டு சில நாளில் துருப்புள்ளி வைக்கும்.

———

அனைவருக்கும் நன்றி. இழுவெட்டி, வெட்டுத்தலை, தாங்குகிண்ணம், வில்லை, பிசிறு: இவை ஏறிவிட்டன. இடம் குறிக்கும் பகுதியில், மேலே அளந்தால் போதாது, தாங்குகிண்ணத்தின் வெளிவிட்டம் அடியில் தொட்டிச் சுவரின் வளைவிலும் பிடிப்பு கிளிப்பிலும் இடிக்காமல் உட்காருமா என்று பார்க்கவும், அங்கே ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையைச் சுரண்டி எடுக்கவும் சேர்த்திருக்கிறேன்.

ஒன்று பாக்கி. திருகாணிக்காக முதலில் போடும் சிறு துளையை 'முன்துளை' என்று எழுதியிருந்தேன். சிங்க்கில் ஏற்கெனவே இருக்கும் துளை என்றும், முன்பக்கத் துளை என்றும் படிக்க இடம் தருகிறது. 'வழித்துளை' என்று மாற்றுகிறேன். திருகாணியைவிட அரை மி.மீ. பெரிதாக, 10 மி.மீ. ஆணிக்குப் பத்தரை என்று இருக்கட்டும். அதற்குமேல் தளர்ந்தால் வெட்டுத்தலை ஒரு பக்கம் நகர்ந்து, வட்டம் குறித்த இடத்தை விட்டு விலகிவிடும்.