மிடியில் எழுதிய டிரம்ஸின் வெலாசிட்டியை இயல்பாக்குவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நிமிடத்திற்கு 92 பீட் வேகத்தில், 4/4 தாளத்தில் அமைந்த ஒரு மெல்லிசைப் பாடலுக்கு டிரம்ஸ் பகுதியை மிடியில் (சுரங்களைக் கட்டளைகளாக மின்னிசைக் கருவிக்கு அனுப்பும் முறையில்) மவுஸால் எழுதியிருக்கிறேன். ஹை-ஹாட்டில் (மிதியால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலில்) ஒரு பீட்டுக்கு நான்கு தட்டுகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி, அதாவது தட்டின் வலிமையைக் குறிக்கும் எண், 100 என்று வைத்தபோது தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இருந்தது. மென்பொருளில் உள்ள ஹ்யூமனைஸ் வசதியைக் (மனிதர் வாசிப்பதுபோல் எண்களைத் தற்செயலாக மாற்றுவது) கொண்டு 15 அளவுக்குக் கூட்டியும் குறைத்தும் சிதறவிட்டேன். இப்போது, தாளம் பிடிபடாதவர் ஒருவர் தயங்கித் தயங்கி வாசிப்பதுபோல் ஒலிக்கிறது. சிதறலின் அளவை மாற்ற வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
சிதறலின் அளவு இங்கே சிக்கல் அல்ல. ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டோடு தொடர்பில்லாமல் மாறுவதுதான் சிக்கல். மனிதக் கையின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தாளத்தைச் சார்ந்தே அமைகிறது. ஆகவே முதலில் அழுத்தங்களை நீங்களே எழுதுங்கள்: பீட்டின் மேல் விழும் தட்டுக்கு 95, பீட்டின் நடுவில் விழுவதற்கு 75, இடைப்பட்ட இரண்டுக்கும் 50 முதல் 60 வரை. அதன் பிறகு 3 அல்லது 4 அளவுக்கு மட்டும் சிதறவிட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 163 மில்லிசெகண்ட் மட்டுமே இருப்பதால், பல டிரம்மர்கள் இதை வலது இடது என்று இரு கைகளாலும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். அப்படி வாசிக்கும்போது 2ஆம், 4ஆம் பீட்டுகளில் வலது கை ஸ்னேர் டிரம்முக்குப் போய்விடுவதால் அந்த இடத்தில் ஹை-ஹாட் ஒலிக்கவே ஒலிக்காது. அந்த இரண்டு தட்டுகளையும் நீக்கிப் பாருங்கள். எந்த எண்ணை மாற்றினாலும் கிடைக்காத இயல்பு அதில் கிடைக்கும். ஸ்னேரின் முக்கிய அடி 110 என்றால், இடையில் வரும் கோஸ்ட் நோட்டுகள் (மிக மெல்லிய அடிகள்) 25 முதல் 40க்குள் இருக்கட்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெலாசிட்டி 1 முதல் 127 வரை செல்லும் என்று மிடி தரநிலை வகுத்திருக்கிறதே தவிர, எந்த எண்ணுக்கு எவ்வளவு ஒலி என்பதை அந்தந்தக் கருவியே தீர்மானிக்கிறது. ஒரே ஸ்னேர் சுரத்தை 1இலிருந்து 127 வரை ஏறுவரிசையில் எழுதி ஓடவிட்டுக் கேளுங்கள். ஒலியின் நிறம் சட்டென்று மாறும் இடங்கள்தான் சாம்பிள் லேயர்களின் (வெவ்வேறு வலிமையில் அடித்துப் பதிவு செய்த ஒலிகளின்) எல்லைகள். உங்கள் கோஸ்ட் நோட்டுகள் அந்த எல்லையின் இருபுறமும் மாறி மாறி விழுந்தால், இரண்டு வெவ்வேறு டிரம்கள் ஒலிப்பதுபோல் தோன்றும். ஒரே சுரத்துக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் ரவுண்ட் ராபின் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். டிரம்ஸ் டிராக்கில் கம்ப்ரஸர் கடுமையாக வேலை செய்தால், நீங்கள் எழுதும் ஏற்ற இறக்கம் அனைத்தையும் அது சமப்படுத்திவிடும்.

மறுமொழி 3:
எண்களை யோசித்து எழுதுவதைவிட வாயால் சொல்லிப் பார்ப்பது எளிது. "தகதிமி தகஜொணு" என்று பாடலின் வேகத்திலேயே சொல்லிக்கொண்டு, மிடி கீபோர்டின் ஒரே கட்டையில் விரலால் தட்டிப் பதிவு செய்யுங்கள். நேரத்தை வேண்டுமானால் குவாண்டைஸ் செய்துவிட்டு (தாளத்தோடு துல்லியமாகப் பொருத்திவிட்டு), வெலாசிட்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பாரைப் (நான்கு பீட் கொண்ட சுற்றைப்) பதிவு செய்து பிரதி எடுக்காமல், குறைந்தது நான்கு பார்களைத் தொடர்ச்சியாக வாசியுங்கள். நான்காவது பாரின் முடிவை நெருங்கும்போது கை தானாகவே பலப்படுவதை அந்த எண்களில் காண்பீர்கள். மிருதங்க சாம்பிள்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கியை (சுருதி வளையும் ஒலியை) வெலாசிட்டியால் கொண்டுவர முடியாது, அதற்குச் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஸ்னேரோடு சேர்ந்து விழுந்த ஹை-ஹாட் தட்டுகளை நீக்கியதுமே பெரிய மாற்றம் தெரிந்தது. அதே பாடலில் பியானோ கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரத் தொகுப்புகள்) இன்னும் விறைப்பாக இருக்கின்றன; அவற்றுக்கும் இதே முறைதானா?

மறுமொழி 1:
பியானோவில் பீட்டைவிடக் கார்டுக்குள் இருக்கும் சுரங்களின் வேறுபாடே முக்கியம். மெட்டைத் தாங்கும் மேல் சுரத்தை மற்றவற்றைவிட 10 முதல் 15 வரை கூட்டி, நடுச் சுரங்களை நன்கு தணித்து, கீழ்ச் சுரத்தை இரண்டுக்கும் இடையில் வையுங்கள். அந்த அமைப்பு சரியாகும்வரை ஹ்யூமனைஸ் பொத்தானைத் தொட வேண்டாம்.