வாக்கா, மதிப்பெண்ணா? ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தை மாநிலம் எடுத்துக்கொண்டது சரிதானா

பயூக்கரை:

ஃபோர்ட் வொர்த் பள்ளி மாவட்டத்தையும் மாநிலம் எடுத்துக்கொள்ளப் போவதாக 2025 அக்டோபரில் டெக்சஸ் கல்வி ஆணையர் மைக் மொராத் அறிவித்தார். அன்றிலிருந்து நம்மவர் குழுக்களில் இதே பேச்சுதான். பலர் "நல்லதுதானே, ரிசல்ட் வருதே" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஹூஸ்டன் ஐ.எஸ்.டி. (அதாவது ஹூஸ்டன் பள்ளி மாவட்டம்) எல்லைக்குள் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளை அதன் பள்ளிகளுக்கு அனுப்புகிறவன் என்ற முறையில் என்னால் அப்படி முடித்துவிட முடியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே பள்ளிக்கூடம் மாநகராட்சியின் கீழ் வராது. பள்ளி மாவட்டம் தனி அரசாங்கம் மாதிரி: தனி எல்லை, தனி வரி, தனித் தேர்தல். ஹூஸ்டனில் மக்கள் வாக்களித்து ஒன்பது ட்ரஸ்டிகளை, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்களை, தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் சூப்பரின்டெண்டென்ட் என்ற தலைமை நிர்வாகியை நியமிப்பார்கள். மாநிலத்தின் தர மதிப்பீட்டில் ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாவிட்டாலும் அந்தப் பள்ளியை மூடலாம் அல்லது மாவட்டத்தின் நிர்வாகக் குழுவையே மாற்றலாம் என்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. ஹூஸ்டனின் ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளி 2019-இல் ஏழாவது முறையாகத் தேறவில்லை. வழக்கு, தடை எல்லாம் கடந்து 2023 ஜூன் 1 அன்று மாநிலம் நியமித்த ஒன்பது பேர் குழுவும், மைக் மைல்ஸ் என்ற புதிய சூப்பரின்டெண்டென்ட்டும் வந்தார்கள். 2025-இல் இந்த ஏற்பாட்டை 2027 ஜூன் வரை நீட்டித்துவிட்டார்கள். தேர்தல் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. ஜெயித்தவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

என் வாதம் இதுதான்: தேர்வு மதிப்பெண் ஏறியிருக்கலாம். அதற்காக ஒரு ஊரின் வாக்குரிமையை நான்கு ஆண்டு நிறுத்திவைப்பது நியாயமாகாது.

கணக்கன்:

முழுக்க மறுக்கிறேன். அந்த வாக்குரிமையால் வீட்லியில் படித்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? ஏழு முறை தேறவில்லை என்றால், ஆறாம் வகுப்பில் இருந்த குழந்தை பன்னிரண்டாவதை முடித்து வெளியே போகும் வரை யாரும் எதையும் சரிசெய்யவில்லை என்று பொருள்.

தேர்ந்தெடுத்த குழு எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்ப்போம். 2018 அக்டோபரில் இடைக்கால சூப்பரின்டெண்டென்ட்டை ஒரே இரவில் தூக்கிவிட்டு வேறொருவரைப் போட்டார்கள். சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அதற்கு முன்பே சில ட்ரஸ்டிகள் தனியாகக் கூடிப் பேசியிருந்தார்கள் என்று மாநில விசாரணை சொன்னது. குழுவின் முன்னாள் தலைவர் ஒருவர் லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே வழக்கில் மாவட்டத்தின் உயர் அதிகாரியாக இருந்தவரையும் ஒப்பந்தக்காரரையும் 2025-இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

இது மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து குடியரசுக் கட்சிக்காரர்கள் திணித்தது என்று சொல்வோருக்கு ஒன்று. அந்த 2015 சட்டப் பிரிவைக் கொண்டுவந்தவர் ஹரால்ட் டட்டன். ஹூஸ்டனின் ஜனநாயகக் கட்சி சட்டமன்ற உறுப்பினர், வீட்லியிலேயே படித்தவர். தன் பள்ளி கண்ணெதிரே சீரழிந்ததைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்.

இப்போது பலனைப் பாருங்கள். ஏ முதல் எஃப் வரையான மாநிலத் தரத்தில் 2023-இல் டி, எஃப் வாங்கிய பள்ளிகள் 121. 2025-இல் எஃப் ஒன்றுகூட இல்லை. டி மட்டும் 18. இது சாதாரண விஷயமா?

வகுப்பறை:

கணக்கன் சார், லஞ்ச வழக்கு பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. குற்றம் செய்தவர் தண்டனை பெறட்டும். ஆனால் வீட்லி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீதிமன்றத் தடை இருந்த காலத்தில், தேர்ந்தெடுத்த குழுவின் கீழேயே, 2022-இல் வீட்லி சி வாங்கித் தேறிவிட்டது. எந்தப் பள்ளியைக் காரணம் காட்டினார்களோ அது தேறிய பிறகுதான் மாவட்டத்தை எடுத்தார்கள்.

நான் டெக்சஸில் பல ஆண்டுகளாக வகுப்பெடுப்பவள். எந்த மாவட்டம் என்பது இங்கே வேண்டாம். மைல்ஸ் கொண்டுவந்த என்.இ.எஸ். (நியூ எஜுகேஷன் சிஸ்டம்) முறை எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடத்தின் ஸ்லைடுகள் தலைமையகத்திலிருந்து தயாராக வரும். நேரம் குறித்து நடத்த வேண்டும். பாடம் முடிந்ததும் தினமும் ஒரு குறுந்தேர்வு. அதில் தேறியவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, தேறாதவர்களுக்கு அதே பாடத்தை ஆசிரியர் மீண்டும் சொல்லித்தர வேண்டும். அந்த 'வேறு அறை' பல பள்ளிகளில் நூலகமாக இருந்த இடம். அதை 'டீம் சென்டர்' ஆக்கினார்கள்; வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டும். நூலகர் வேலையும் போயிற்று.

ஒரு ஏழைக் குழந்தையின் வீட்டில் புத்தக அலமாரி இருக்காது. அதற்கிருந்த ஒரே அலமாரி பள்ளியில்தான். என்ன காரணம் சொன்னாலும் அதை என்னால் ஏற்கவே முடியாது.

இந்த முறை முதலில் எங்கே போனது? காஷ்மீர் கார்டன்ஸ், ஐந்தாம் வார்டு, நார்த் ஃபாரஸ்ட். கறுப்பின, லத்தீனோ மக்கள் வாழும் பகுதிகள். பெல்லேர் உயர்நிலைப் பள்ளிக்கோ, நம் பிள்ளைகள் போட்டியிட்டு இடம் பிடிக்கும் டிபேக்கிக்கோ, கார்னகி வான்கார்டுக்கோ போகவில்லை. நம் குழந்தைக்கு வேண்டாம் என்று நினைப்பதை அடுத்தவர் குழந்தைக்குப் போதும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேட்டிக்காரன்:

நான் பக்கத்துல இருக்கிற கேட்டி ஐ.எஸ்.டி., இதுல எனக்கு நேரடியா சம்பந்தமில்ல. ஆனா ஒரு விஷயம் ரொம்ப நாளா புரியல. இவ்வளவு சொத்து வரி கட்டுறோம். வருமான வரி இல்லன்னு சந்தோஷப்பட்டு டெக்சஸ் வந்தோம், வந்ததும் வீட்டு வரி பில்லுல பெரிய பங்கு ஸ்கூலுக்குத்தான் போகுது. அப்புறமும் எல்லா மாவட்டமும் காசில்லன்னு சொல்லுது. எங்கதான் போகுது?

கணக்கன்:

கேட்டித் தம்பி, இது நல்ல கேள்வி. வகுப்பறை அவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன், முதலில் இது.

ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படைத் தொகையை மாநிலம் வைக்கிறது. 2019-இல் 6,160 டாலர். விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2025 வரை அது அசையவில்லை. 2025 சட்டத்தில் அதற்கு 55 டாலர்தான் கூட்டினார்கள். அந்தச் சட்டத்தின் 850 கோடி டாலரில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம் போன்ற குறிப்பிட்ட இனங்களுக்கே போகிறது. உங்கள் வரி ஏறினால் உங்கள் பள்ளிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளூர் வரி ஏற ஏற மாநிலத்தின் பங்கு குறையும். உரிய தொகைக்கு மேலே வசூலானால் மிச்சத்தை மாநிலம் வாங்கிக்கொள்ளும். இதைத்தான் 'ராபின் ஹூட்' என்கிறார்கள். 1989-இல் எட்ஜ்வுட் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், சொத்து மதிப்பை மட்டும் நம்பிய பழைய முறை செல்லாது என்றது. அதன் தொடர்ச்சியாக 1993-இல் இது வந்தது. நோக்கம் சரியானது. ஏழை மாவட்டத்துக் குழந்தையும் குழந்தைதான்.

சிக்கல் ஹூஸ்டன் மாதிரி ஊருக்கு. டவுன்டவுன் கோபுரங்களும் கேலரியா வணிக வளாகமும் இருப்பதால் கணக்கில் பணக்கார மாவட்டம். படிக்கிற பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் வறிய குடும்பங்கள். 2016-இல் 16.2 கோடி டாலர் கட்டச் சொன்னபோது ஹூஸ்டன் வாக்காளர்கள் மாட்டோம் என்று வாக்களித்தார்கள். மாநிலம் கணக்கிடும் முறையை மாற்றித் தொகையைக் குறைத்தது. 2017 மே மாதம் சரி என்றார்கள்.

இன்னொன்று. பணம் வருவது பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கு அல்ல, அன்றாட வருகையின் சராசரிக்கு. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கலும் முடித்துவிட்டு வருகிறோமே, நம் பிள்ளைகள் வராத ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளிக்கு நட்டம். இதை நம் பெற்றோரில் பலர் அறியார்கள்.

பயூக்கரை:

கணக்கன், அந்த 2016 வாக்கெடுப்பை நீங்களே சொன்னீர்கள், என் வாதத்துக்கு அதுவே சான்று. மக்கள் வாக்கைக் காட்டியதால் மாநிலம் இறங்கிவந்தது. இப்போது ஹூஸ்டனுக்காக மாநிலத்தை எதிர்த்து யார் பேசுவார்? மாநிலமே நியமித்த குழு பேசுமா?

2024 நவம்பரையும் நினைத்துப் பாருங்கள். 440 கோடி டாலர் பத்திரக் கடன் கேட்டார்கள். பழைய கட்டடம், குளிர்சாதனம், குழாயில் ஈயம், பாதுகாப்பு: எல்லாமே தேவையானவை. வரி விகிதம் ஏறாது என்றும் சொன்னார்கள். 2012-இல் இதே ஹூஸ்டன் 189 கோடிக்குக் கடன் பத்திரத்தை ஏற்று உயர்நிலைப் பள்ளிகளைப் புதுப்பித்த ஊர்தான். இந்த முறை ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். "நம்பிக்கை இல்லை, பத்திரம் இல்லை" என்பதுதான் முழக்கம். ஆள்கிறவர்களை மாற்றும் வழி அடைபட்டதால் தங்கள் கையில் இருந்த ஒரே வாக்கை அங்கே போட்டார்கள். நட்டம் பிள்ளைகளுக்கு. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தவன்.

நெல்லைத்தமிழ்:

இவ்வளவையும் படித்தபோது நம் ஊர் நினைவுதான் வந்தது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். அவர்களில் திறமையான ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் இருந்தார்கள். வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் வீடு இல்லை. அதை அனுபவித்தவர்கள் "ரிசல்ட் வந்தால் போதும்" என்று எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

நான் எச்1பி விசாவில் இருப்பவன். வீட்டு வரி கட்டுகிறேன், வாக்கு கிடையாது. ட்ரஸ்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று முன்பு நினைத்தேன். அப்படி இல்லை. வாக்கு கேட்டு வருகிறவர் என் வாக்கைப் பார்க்காவிட்டாலும் என் தெருவைப் பார்த்தாக வேண்டும்.

கணக்கன்:

நெல்லைத்தமிழ் சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தேர்தல் தள்ளிப்போனது. இங்கே ஒரு பள்ளி ஆண்டுக்கணக்கில் தோற்றதால் சட்டப்படி நடந்தது.

வகுப்பறை அவர்களுக்கு: நூலகத்தை எடுத்தது தவறு. இதை இங்கே வெளிப்படையாகவே சொல்கிறேன். வீட்லி 2022-இல் தேறியதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏழைப் பகுதிகளுக்கு மட்டும் போனது என்பதைக் குறையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் பகுதிகளுக்குப் பல பத்தாண்டுகளாக அனுபவமில்லாத ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். முக்கியப் பாடங்களுக்கு அங்கே 80,000 டாலரும் அதற்கு மேலும் சம்பளம் என்று அறிவித்ததும் இதே நிர்வாகம்தான். வாசிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஜனநாயகம் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்? முதலில் அது வாசிக்கட்டும்.

வகுப்பறை:

வாசிக்கட்டும். அதற்குத்தானே நானும் வகுப்புக்குப் போகிறேன்.

சம்பளம் உயர்ந்தது உண்மை, வரவேற்கிறேன். கூடவே 2023 டிசம்பரில் சில மாநில விதிகளிலிருந்து விலக்கு வாங்கி, சான்றிதழ் இல்லாதவர்களையும் ஆசிரியராக எடுக்க வழி செய்ததும் இதே நிர்வாகம்தான். பழையவர்கள் பலர் போய்விட்டார்கள். மாணவர் எண்ணிக்கையும் இரண்டே ஆண்டில் 10,000-க்கு மேல் குறைந்தது. பிறப்பு விகிதம், வீட்டு வாடகை, அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் என்று வேறு காரணங்களும் உண்டு. முழுப் பழியையும் மைல்ஸ் மேல் போட மாட்டேன். ஆனால் 2026-27 முதல் தனியார் பள்ளிக்கு மாநிலப் பணம் தரும் 100 கோடி டாலர் திட்டமும் வருகிறது. போகும் ஒவ்வொரு பிள்ளையோடும் பணமும் போகும். மிஞ்சுவது யாருடைய பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும்.

மதிப்பெண் ஏறியதை நான் பொய் என்று சொல்லவில்லை. தினமும் தேர்வு வைத்தால் தேர்வு எழுதும் திறன் கூடும். என் கேள்வி வேறு. 2027-இல் ஒருவேளை மக்கள் தேர்ந்தெடுத்த குழு திரும்பி வந்தால், ஸ்லைடைப் படித்தே பழகிய இளம் ஆசிரியருக்கு ஒரு பாடத்தைத் தானே வடிவமைக்கத் தெரியுமா?

கேட்டிக்காரன்:

திரும்பி வந்தாலும் ஒரே நாள்ல வராதாமே? கேள்விப்பட்டேன்.

பயூக்கரை:

ஆமாம், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. முதல் ஆண்டு மூன்று இடம், அடுத்த ஆண்டு மூன்று, அதற்கடுத்து மூன்று. அதாவது 2027-இல் முடிந்தாலும் ஒன்பது பேரும் தேர்ந்தெடுத்தவர்களாக உட்கார மேலும் இரண்டு ஆண்டாவது ஆகும். என் மகள் இப்போது ஏழாவது. அவள் பள்ளியை விட்டுப் போகும்போது முழுக் குழு இருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கணக்கன், அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு நான் போகிறேன். பெயர் பதிவு செய்தால் பேச விடுவார்கள், குடியுரிமை கேட்பதில்லை, நெல்லைத்தமிழும் வரலாம். நூலக விஷயத்தில் நாம் இருவரும் ஒரே பக்கம் என்பதால் கேட்கிறேன்: அதை மட்டுமாவது சேர்ந்து கேட்போமா?

கணக்கன்:

வருகிறேன். நூலகத்துக்காக மட்டும். நீட்டிப்பைப் பற்றி நீங்கள் பேசினால் நான் எழுந்து மறுப்பேன்.