மட்டியை இடம் மாற்றினேன், இழந்தேன்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நீலத்தொட்டி, சிங்கப்பூர்

வீட்டில் நாலடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் என் மேக்சிமா (ராட்சத மட்டிகளில் ஒரு வகை) செத்துப்போனது. காரணம் நான்தான். எழுதவே மனசு வரவில்லை, ஆனால் இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது.

ஐந்து அங்குல மட்டி. ஓரமெல்லாம் நீலம், நடுவில் பொன்னிறப் புள்ளிகள். நடுப்பாறையின் மேல்தட்டில் வைத்திருந்தேன், அங்கேயே பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த டார்ச் பவளம் வளர வளர, அதன் கொட்டும் இழைகள் ராத்திரியில் மட்டியைத் தொட ஆரம்பித்தன. ஒரு சாண் தள்ளி வைக்கலாம் என்று மட்டி ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் முறுக்கி இழுத்தேன், வந்துவிட்டது. பாறையைப் பார்த்தால் நூல் கற்றையோடு சின்னதாக ஒரு சதைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டின் அடியில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகப் பாதத்தை நீட்டி, பைசஸ் நூலைச் சுரந்துதான் மட்டி பாறையைப் பிடித்துக்கொள்கிறது. நூல் அறுந்தால் மறுபடி சுரந்துகொள்ளும். நான் சுரப்பியையே பிய்த்துவிட்டேன். இரண்டு நாள் மேன்டில் (ஓட்டுக்கு வெளியே விரியும் வண்ணச் சதை) பாதி விரிந்தது. அப்புறம் தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய் பிளந்தபடியே நின்றது. கை நிழல் பட்டாலும் மூடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. உடனே வெளியே எடுத்து, 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, மிச்சத் தண்ணீரைச் சுத்தமாக்க கார்பன் போட்டேன். செத்த மட்டியை உள்ளே விட்டுவைத்தால் அம்மோனியா ஏறி மற்றதையும் கொண்டுபோய்விடும்.

அடுத்து டெரேசா என்ற இன்னொரு வகை மட்டி வாங்க நினைக்கிறேன். நீங்கள் எப்படி வைத்தீர்கள், எப்படி நகர்த்தினீர்கள்?

முருகைக்கல், டொரன்டோ

அக்கா, வாசிக்கவே கவலையாக் கிடக்கு. நானும் இதே பிழையை விட இருந்தனான். மட்டி வாங்கின கடைக்கார அண்ணைதான் மறிச்சவர். பாறை சின்னதெண்டால் மட்டியோடயே தூக்கி, தொட்டித் தண்ணி நிரப்பின வாளிக்குள்ள வையுங்கோ எண்டார். ஓட்டை மெல்லமாச் சரிச்சுப் பிடிச்சால் அடியில நூல் தெரியும். புது பிளேட்டால பாறையோட ஒட்டி அறுக்கோணும், ஓட்டுப் பக்கம் பிளேட் போகவே கூடாது. எனக்கு அரை மணித்தியாலம் பிடிச்சுது. அந்த மட்டி மூண்டு வருசமா இருக்கு.

குரோசியா எண்டால் அதுவும் சரிவராது. அது பாறையைக் குடைஞ்சு உள்ளுக்கை இருக்கிற சாதி. பாறையோட சேர்த்துத்தான் நகர்த்தலாம்.

டெரேசாவுக்கு மணல்தான் நல்லது. ஆனால் வெறும் மணல்ல வையாதேங்கோ. உள்ளங்கை அளவு தட்டையான கல்லொண்டை மணலுக்குள்ள புதைச்சு, அதுக்கு மேல வையுங்கோ. சின்ன டெரேசா அந்தக் கல்லைப் பிடிச்சிடும். பிறகு எங்க கொண்டுபோறதெண்டாலும் கல்லைத்தான் தூக்கோணும், மட்டியில கை வைக்கத் தேவையில்லை.

அலைவாசி, லண்டன்

நூலை நான் ஒழுங்காத்தான் அறுத்தேன். என் தப்பு லைட்ல. ஸ்குவாமோசாங்கிற வகை மட்டிய மணல்லேர்ந்து எடுத்து, புது எல்இடிக்கு நேர் கீழ பாறை மேல ஏத்தினேன். மட்டிக்கு வெளிச்சம் நிறைய வேணும்னு படிச்சிருந்தேன். அது மேன்டில்ல இருக்கிற பாசிக்குத்தான் வெளிச்சம் வேணும், அந்தப் பாசிதான் மட்டிக்குச் சோறு போடுது. ஆனா திடீர்னு வெளிச்சம் கூடினா மட்டி அந்தப் பாசியவே வெளியே தள்ளிடுது. நாலே நாள்ல நடுப்பகுதி வெளுத்துப்போச்சு. பதறி மறுபடி மணலுக்கே இறக்கினேன், நிறம் திரும்ப ரெண்டு மாசம் ஆச்சு. இப்பல்லாம் மேல ஏத்தணும்னா லைட்டக் குறைச்சு வச்சு, மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுறேன்.

இன்னொண்ணு. தூக்குறதுக்கு முன்னாடி கையால நிழல் காட்டுங்க. மேன்டில் ஓரத்துல நூத்துக்கணக்குல சின்னச் சின்னக் கண்ணு இருக்கு, நிழல் பட்டதும் உள்ள இழுத்துக்கும். முழுசா மூடினப்புறம் எடுத்தா சதை ஓட்டுக்கு நடுவுல நசுங்காது. கூடுமானவரை தண்ணிக்குள்ளயே நகர்த்துங்க. வெளிய எடுத்தே ஆகணும்னா, திரும்ப உள்ள விட்டதும் மெதுவா அப்படியும் இப்படியும் சாய்ச்சு, உள்ள மாட்டின காத்தக் குமிழியா வெளிய விடுங்க.

வச்ச இடத்துல பவர்ஹெட் (தொட்டிக்குள்ள அலை உண்டாக்குற பம்ப்) நேரா அடிக்குதான்னு பாருங்க. மேன்டில் ஒரு பக்கமா மடங்கினா அலை அதிகம்னு அர்த்தம். புதுசா வாங்கினதுன்னா ராத்திரி டார்ச் அடிச்சு அடிப்பக்கமும் பாக்கணும். அரிசி மணி மாதிரி வெள்ளை நத்தைங்க இருந்தா பல் பிரஷ்ஷால தேச்சு எடுத்துடுங்க, அது மட்டியோட சாற உறிஞ்சுற ஒட்டுண்ணி.

உப்புக்காற்று, சென்னை

என்னிடம் மட்டி இல்லை, வைக்கவும் மாட்டேன். இங்கே மேக்சிமாவும் ஸ்குவாமோசாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களும் பண்ணையில் வளர்த்ததா, சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) அனுமதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

லட்சத்தீவில் ஸ்நார்க்கலிங் போனபோது மேக்சிமாவை அதன் இடத்திலேயே பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெரிய பவளப்பாறை. அதற்குள் பாதி புதைந்து, மேன்டிலை வானத்தைப் பார்த்து விரித்திருந்தது. என் நிழல் விழுந்ததும் மூடிக்கொண்டது, நகர்ந்ததும் திறந்தது. அரை மணி நேரம் அங்கேயே மிதந்துகொண்டிருந்தேன். தொட்டியில் மட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நீலத்தொட்டி, சிங்கப்பூர்

எல்லோருக்கும் நன்றி. டெரேசா வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு அங்குலம், பண்ணையில் வளர்ந்தது, சைட்டீஸ் தாளும் கையில் இருக்கிறது. டைல் துண்டின் சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்து மணலில் புதைத்து, அதன் மேல் உட்காரவைத்தேன். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னக் கற்களை முட்டுக் கொடுத்தேன், ஓடு முழுசாகத் திறக்க இடம் விட்டுத்தான். டார்ச் பவளத்துக்கும் அதற்கும் இப்போது ஒன்றரை அடி.

முதல் ராத்திரியே ஓட்டைப் பட்டென்று மூடித் தண்ணீரைப் பீச்சி, டைலிலிருந்து இறங்கி மணலில் சாய்ந்து கிடந்தது. தூக்கி வைத்தேன். மறுநாளும் இறங்கியது. அலை நேராக அடிக்கிறதோ என்று பவர்ஹெட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். அதற்கப்புறம் இறங்கவில்லை.

நேற்று மணலைக் கிளற வேண்டியிருந்தது. நிழல் காட்டி, மூடும்வரை காத்திருந்து, டைலின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினேன். மட்டியும் கூடவே எழுந்து வந்தது. வேலை முடிந்து திரும்ப வைத்த பத்து நிமிஷத்தில் மேன்டிலை முழுசாக விரித்துவிட்டது.