வெளிநாட்டுப் பழங்குடிச் சமூகங்களில் தன்னார்வப் பணி: பணம் கட்டிப் போகலாமா?

கேள்வி: கோத்தகிரி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு படுகர் ஹட்டியில் (சிற்றூரில்) பிறந்து வளர்ந்தவள்; கோவையில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படிப்பு முடிந்ததும், வேலைக்குச் சேருவதற்கு முன், நான்கைந்து மாதங்கள் வெளிநாட்டில் ஒரு பழங்குடிச் சமூகத்தோடு தங்கிப் பணியாற்ற விரும்புகிறேன்.

இப்போது என் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தென் அமெரிக்காவில் அமேசான் காட்டை ஒட்டிய கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் எட்டு வாரத் திட்டம். ஏற்பாடு செய்யும் நிறுவனம் விமானக் கட்டணம் நீங்கலாக இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறது. விண்ணப்பித்த மறுநாளே நான் தேர்வு பெற்றதாகக் கடிதமும் அனுப்பிவிட்டது. மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பூர்வகுடியினரே நடத்தும் ஒரு மொழி மையம். அங்கே கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் நான் எழுதிய மின்னஞ்சலுக்கு மூன்று வாரங்களாகப் பதிலும் இல்லை.

பசுந்தேயிலை விற்கிற விலையில் இரண்டு லட்சம் எங்கிருந்து வரும் என்று அப்பா கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. நான் மருத்துவரும் இல்லை, பொறியாளரும் இல்லை. என்னால் அங்கிருப்பவர்களுக்கு உண்மையில் ஏதேனும் பயன் உண்டா என்பதை, போவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கொடைக்கானல் தகப்பன்

மகளே, அந்த இரண்டு லட்சத்தை நான் ஏற்கெனவே கட்டிப் பார்த்துவிட்டேன் என்பதால் எழுதுகிறேன். என் மகன் பொறியியல் முடித்த கையோடு, இதே போன்ற ஒரு நிறுவனத்தின் வழியாக ஈக்வடார் நாட்டின் நேப்போ ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய் ஆறு வாரம் இருந்தான். அங்கே குழந்தைகள் வீட்டில் கிச்வா மொழியும் பள்ளியில் ஸ்பானிஷும் பேசுகிறார்கள். இவனுக்கு இரண்டில் எதுவும் தெரியாது. முதல் நாள் வகுப்பில், உடலுறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு குழந்தைப் பாட்டைத் தொடங்கியிருக்கிறான். முதல் அடியை இவன் பாடி முடிப்பதற்குள் பிள்ளைகள் மிச்சப் பாட்டைக் கைகால் அசைவுகளோடு பாடி முடித்துவிட்டார்கள். அவனுக்கு முன்னால் வந்த ஒவ்வொரு குழுவும் அதே பாட்டைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. அதற்கு அடுத்த பாடம் வரை எந்தக் குழுவும் தங்கியதில்லை.

அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். தன்னார்வலர்கள் இருக்கும் நாட்களில் அவர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாராம். நாம் கட்டிய பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று என் மகன் திரும்பி வந்தபின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். நன்றி தெரிவித்து ஒரு வாழ்த்து அட்டைதான் வந்தது. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். தொகையில் எவ்வளவு ஊருக்கு, எவ்வளவு அலுவலகத்துக்கு என்று பிரித்துச் சொல்ல மறுப்பவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். மறுநாளே தேர்வுக் கடிதம் வந்ததும் எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. எட்டு வாரம் குழந்தைகளோடு இருக்கப் போகிறவரைப் பற்றிக் காவல்துறைச் சான்று கூடக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், உங்களுக்கு முன்னால் யார் யாரையெல்லாம் சேர்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. எந்த வழியாகப் போனாலும், அமேசான் பக்கம் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பிறகே அந்தச் சான்று செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

பதில் 2: கீழ்க்கோத்தகிரி செவிலியர்

தங்கைக்கு வணக்கம். நான் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவள். கரிக்கையூர் பக்கத்து ஊர்களில் நடமாடும் மருத்துவக் குழுவோடு பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நீங்கள் போக நினைக்கும் இடத்தில் உங்களை எதிர்கொள்ளப் போகிறவர்களின் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து இரண்டு மாணவிகள் ஆறு வாரத்துக்கு எங்களிடம் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், எங்களோடு சாமைச் சோறு சாப்பிட்டார்கள், அட்டைக் கடிக்கும் முகம் சுளிக்கவில்லை. பலாமரக் கிளையில் தொங்கு தராசைக் கட்டி, இருபத்தேழு குழந்தைகளின் எடையை வாரந்தோறும் பார்த்து, தங்கள் மடிக்கணினியில் பதிந்துகொண்டார்கள். அதுவரை நாங்கள் கையால் எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தை, இரண்டு பதிவு எதற்கு என்று அந்த ஆறு வாரமும் மூடி வைத்துவிட்டோம். பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், கணினியும் போனது. கேட்டு எழுதினோம், பேராசிரியரிடம் அனுமதி பெற்று அனுப்புவதாகப் பதில் வந்தது, எடைகள் வரவில்லை. எந்தக் குழந்தை இளைத்திருக்கிறது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியும். எப்போதிலிருந்து, எவ்வளவு இளைத்தது என்பதுதான் எங்கள் கையை விட்டுப் போயிற்று.

இது எடையோடு முடிகிற விஷயம் அன்று. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தசோகை முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த நீலகிரியில், எங்களைப் போன்றவர்களின் இரத்தத்தில்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் அதைப் பதிவு செய்தார்கள். அந்த நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் மலைமக்களைத் தேடி ஊருக்குள் வந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்களிடம், நீரிழிவு ஆய்வுக்கென்று 1990-ல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இரத்த மாதிரிகளை வாங்கினார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு, இடப்பெயர்வு ஆகியவை குறித்த ஆய்வுகளுக்கும் பயன்பட்டது பின்னால் தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010-ல் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்தது. நீங்கள் இரத்தம் எடுக்கப் போவதில்லைதான். ஆனால் பயிற்சி அறிக்கைக்காகப் படம் எடுப்பீர்கள், பேட்டி எடுப்பீர்கள், எண்களை எடுப்பீர்கள். அவையெல்லாம் கடைசியில் யாரிடம் இருக்கும் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேன் சேகரிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று நாங்கள் கேட்டதால் வந்தவர். ஆறு மாதமும் எங்கள் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஒரு வரிகூட எழுதாமல், அவளையே எழுத வைத்தார். அவர் கோடு போட்டுக் கொடுத்த பேரேட்டு முறைதான் இன்றும் நடக்கிறது. அவரோடு எடுத்த புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிற்சேர்க்கையாக ஒன்று. ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் 1997 முதல் பழங்குடியினருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை ஜெனீவாவில் நடத்திவருகிறது; தேர்வு பெறுபவர்களின் பயணம், தங்குமிடம், அன்றாடச் செலவு ஆகியவற்றை அவர்களே ஏற்கிறார்கள். அது உங்களுக்கானதன்று, தங்கையே, ஆனால் உங்கள் வகுப்பில் எங்கள் பிள்ளைகளோ கோத்தர், தோடர், பணியர் பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் காதில் போட்டு வையுங்கள். எப்போதும் எங்களைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். நாங்களும் நாலு இடம் போய்ப் பார்க்கலாம் அல்லவா.

பதில் 3: ஊட்டி ஆவணக்காரன்

நீங்கள் குறிப்பிடும் மையம் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் அதைப் போன்ற ஒரு மையத்தில் நான் ஐந்து மாதம் பயிற்சியில் இருந்தேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஏழு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. மூத்தோர் அடங்கிய குழு கூடி, இந்த ஆள் நமக்குத் தேவையா என்று பேசி முடிவெடுக்கும் வரை அலுவலகத்தில் இருப்பவர்கள் எதுவும் எழுத மாட்டார்கள். அந்த நாட்டு வட ஆட்சிப்பகுதியில் (நார்தர்ன் டெரிட்டரி) ஏறத்தாழப் பாதி நிலம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பூர்வகுடியினருக்குச் சொந்தமானது; அதற்குள் போக அவர்களுடைய நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு தேவை. குழந்தைகளோடு வேலை என்றால், சம்பளம் இல்லாதவர்களும் ஓக்கர் கார்டு என்ற பின்னணிச் சரிபார்ப்பு அட்டை பெற வேண்டும். விசாவிலும் கவனம் வேண்டும்: சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான் என்று கொள்ளும் நாடுகள் உண்டு, ஆகையால் சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என்னுடைய வேலை பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிப் பட்டியல் போடுவது. முதல் நாளே இரண்டு பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். அவை பெண்களுக்கு உரிய பாடல்கள். ஆண்கள் கேட்கக் கூடாது. அவற்றைக் கேட்டுப் பட்டியல் போட ஒரு பெண் வரும் வரை அந்தப் பெட்டிகள் அப்படியே இருந்தன. இரண்டாம் வாரத்தில் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார். 'சாரி பிசினஸ்' என்று அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் அந்தத் துக்க காலத்தில் மையம் ஒன்பது நாள் திறக்கவில்லை. இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதால், நாடாக்களில் அந்தப் பெயர் இருந்த சீட்டுகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம். அதே பெயருடைய இன்னொருவரை அதன்பின் எல்லாரும் 'குமஞ்சாயி' என்ற மாற்றுப்பெயரால் அழைத்தார்கள். என் வேலைத்திட்டம் பின்தங்குகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான்.

செவிலியர் அக்கா எழுப்பிய கேள்விக்கு, கனடாவின் முதல்குடியினர் 1998-லேயே நான்கு சொற்களில் விடை வகுத்துவிட்டார்கள்: தம்மைப் பற்றிய தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தமக்கே உரியவை என்பது. நம் ஊரை எடுத்துக்கொண்டால், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் தோடர்களிடையே இருந்து சேர்த்த செய்திகளெல்லாம் 1906-ல் ஆங்கிலத்தில் பெரிய நூலாக வந்தன; சொன்னவர்களில் அதைப் படிக்கக் கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் எதிர்த்து வாக்களித்துப் பின்னர் மனம் மாறின. முன்கூட்டியே, வற்புறுத்தல் இன்றி, விவரம் தெரிந்து தரப்படும் ஒப்புதல் என்பதை அந்தப் பிரகடனம் பல இடங்களில் வற்புறுத்துகிறது. பெரிய சுரங்கங்களுக்கும் அணைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பயிற்சி மாணவருக்கும் பொருந்தும்.

உங்களால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். தனக்கென்று வழக்கில் எழுத்து இல்லாத படுகு மொழியைப் பேசி, அதைத் தமிழெழுத்தில் எழுதும்போது எந்த ஒலி சிக்கும் என்று அறிந்தவர் நீங்கள். ஒலிப்பதிவு கேட்டு எழுதவும், பட்டியல் போடவும் பழகிக்கொண்டு, அதை மட்டும் இரண்டு வரியில் அந்த மையத்துக்கு மறுபடி எழுதிப் பாருங்கள். நான் தொடக் கூடாத அந்த இரண்டு பெட்டிகளைப் போல, ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெட்டிகள் அங்கும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி மாணவி

மூவருக்கும் நன்றி. கட்டணத்தைப் பிரித்துக் காட்டுமாறு நிறுவனத்துக்கு எழுதினேன்; இந்த வாரத்துக்குள் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று பதில் வந்தது. அதை விட்டுவிட்டேன், அப்பாவுக்கு நிம்மதி. மொழி மையத்திலிருந்து நேற்று ஒரு பதில் வந்திருக்கிறது. குழு அடுத்த மாதம்தான் கூடுகிறதாம். அதற்குள் என் ஊரில் உள்ள பழங்குடியினரோடு நான் என்ன வேலை செய்திருக்கிறேன் என்று எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஹட்டிக்குக் கீழே பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் இருளர் ஊர் இருக்கிறது. அறுவடை நாட்களில் அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள், நான் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அக்கா, சனிக்கிழமைகளில் நான் உங்கள் குழுவோடு வரலாமா? எடை நோட்டு எழுதும் வேலை என்றாலும் சரி.

பதில் 4: கீழ்க்கோத்தகிரி செவிலியர்

நான் ஒருத்தி வா என்று சொல்லிவிட முடியாது, தங்கையே. வியாழக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டு எழுதுகிறேன். நோட்டு எங்களிடமே இருக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.